நாலாவது கறை

கழுத்துக்குப் பின்னால், ரவிக்கை வெட்டுக்கு இரண்டு விரல் மேலே, துளசிமணிக்கு ஒரு வலி குடியிருந்தது. காலையில் பஸ்ஸில் நிற்கும்போது அது தூங்கும். பத்து மணிக்கு விழித்துக்கொள்ளும். டீ பெல் அடிப்பதற்குள் தோள் வழியாக இறங்கி விரல் நுனியில் வந்து நிற்கும். பனியன் கம்பெனியில் இருபத்தொரு வருஷம் செக்கிங் மேசைமேல் குனிந்து சம்பாதித்த வலி. அந்தக் கம்பெனி போய்விட்டது. வலி மட்டும் அவளோடு இந்தக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தது.

இங்கேயும் செக்கிங்தான். திருப்பூரில் அதே ஷெட், அதே தகரக் கூரை, அதே சூப்பர்வைசர் கிட்டுச்சாமி. முன்பு அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும். ஓட்டை, கறை, நூல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். இப்போது திரையில் வெளிச்சம் ஓடுகிறது. ஒரு பட்டை என்பது ஒரு நட்சத்திரத்தின் ஆறு மாத வெளிச்சம். வானத்தில் விட்டிருக்கும் தொலைநோக்கி அனுப்புவதை, துணி மாதிரியே மேலிருந்து கீழே ஓடும்படி செய்து வைத்திருந்தார்கள். நட்சத்திரத்துக்குக் குறுக்கே ஒரு கிரகம் போனால் பட்டையில் இழை விட்டாற்போல ஒரு மங்கல் விழும். அதற்குப் பக்கத்தில் ஆறு நிறத்தில் ஆறு ரிப்பன்கள். அவற்றில் கறை ஏதும் தெரிந்தால் அது அந்தக் கிரகத்துக் காற்றின் கறை.

பொத்தான் மூன்று. கிரகம். ஒன்றுமில்லை. மெஷின். மெஷின் என்றால் தொலைநோக்கியின் கோளாறு. வானத்தின் மேல் குற்றமில்லை.

ஐம்பத்தெட்டுப் பெண்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு நானூறு பட்டை. ஒவ்வொரு பட்டையையும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னால் அதுதான் தீர்ப்பு. மாறிச் சொன்னால் பட்டை மூன்றாம் மேசைக்கு, படித்தவர்களிடம் போகும்.

துளசிமணி ஒன்பதாம் நம்பர். பக்கத்தில் பத்தாம் நம்பர் சபூரா. சபூரா என்றைக்கும் முந்நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை. எதையும் கடைசி வரைக்கும் பார்ப்பாள். கிட்டுச்சாமி அதற்காக வாரம் ஒருமுறை அவளைத் திட்டுவார். வாரம் ஒருமுறை அவளும் பதில் சொல்லுவாள்.

"இதப் பாருக்கா," என்றாள் சபூரா, திரையைக் காட்டி. "உப்பிப்போயி, ஒரு பொட்டுக் காத்து இல்லாம, புருசன ஒட்டியே சுத்திட்டு இருக்குது. எங்க மாமியா."

"நேத்தைக்கும் ஒண்ண மாமியான்ன."

"எனக்கு மாமியா நெறையா."

டீ டம்ளரோடு கிட்டுச்சாமி வந்து நின்றார். "துளசியக்கா, சபூரா. டீ குடிச்சுப்போட்டு ரெண்டு பேரும் கண்ணாடி ரூமுக்கு வாங்க. ஹெலன் மேடம் வந்திருக்கறாங்க."

"எதுக்குங்ணா? போனஸுங்களா?" என்றாள் சபூரா.

"மூஞ்சியப் பாத்தா போனஸ் மாதிரி தெரியல."

ஹெலன்தான் ஏழு வருஷத்துக்கு முன்னால் இந்த வேலையை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். வெளிநாட்டுக்காரர்கள் நடத்தும் பெரிய தேடலில் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. கம்ப்யூட்டரே பார்த்துவிடாதா என்று முதல் வாரம் துளசிமணி கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ஏற்கெனவே பாத்ததத்தான் தேடும்க்கா. பாக்காத ஒண்ணு வந்தா தள்ளி வச்சிரும். உங்க கண்ணு அப்படி இல்ல," என்றாள். அந்தப் பேச்சைக் கேட்டு ஷெட்டில் பாதிப் பேர் மறுநாள் கண்ணுக்கு மை இட்டுக்கொண்டு வந்தார்கள்.

இப்போது அவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது. மூன்று நாளாக ஒரே சட்டையில் இருப்பவள் போல இருந்தாள். சுவரில் பெரிய திரையில் ஒரு பட்டை நின்றுகொண்டிருந்தது.

"இது அஞ்சு வருஷத்துக்கு முந்தின பட்டை. நாலாயிரத்து நானூத்திப் பதினேழு. ஒன்பதாம் நம்பரும் பத்தாம் நம்பரும் பாத்திருக்கீங்க. ரெண்டு பேருமே மெஷின்னு போட்டிருக்கீங்க. மறுநாள் தொலைநோக்கிய வேற பக்கம் திருப்பிட்டோம்."

"மெஷின் இல்லீங்களா?" என்றாள் துளசிமணி.

"இல்லக்கா."

ஹெலன் உட்கார்ந்தாள். வேறொரு நாட்டில் ஒரு பெண், படிப்புக்காகப் பழைய பட்டைகளைக் கிளறியபோது இது கண்ணில் பட்டதாம். ஒன்பது நாளில் தன் நட்சத்திரத்தைச் சுற்றிவிடும் சின்னக் கிரகம். மூன்று சுற்றுக்கு அதன் காற்று சுத்தமாக இருக்கிறது. நாலாவது சுற்றில் மட்டும் பச்சை ரிப்பனில் ஒரு கறை. மறுபடி மூன்று சுத்தம், நாலாவது கறை.

"மாமரம் ஒரு வருசம் காய்ச்சுட்டு ஒரு வருசம் சும்மா நிக்கும்ல? அந்த மாதிரி. அந்தக் கிரகத்துக்கு ஒரு சுத்துதான் ஒரு வருசம். ஏதோ ஒண்ணு அங்க அப்படி நாலு வருசத்துக்கு ஒரு தடவ மூச்சு விடுது."

"அப்ப உசுரு இருக்குதுங்களா அங்க?"

"உயிர்னு சொல்ல மாட்டேன். உயிர் இல்லாம இப்படிச் செய்ற ஒண்ணு எங்க யாருக்கும் தெரியல. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

சபூரா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டாள். "செரி, மறுபடி அந்தப் பக்கம் திருப்பிப் பாத்துட்டாப் போச்சுங்க மேடம்."

"திருப்பிப் பாத்தாச்சு. அது இப்ப குறுக்கே வரல. அந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு நட்சத்திரம் இருக்கு. அது இழுத்து இழுத்து கிரகத்தோட பாதை சாஞ்சு போச்சு. நீங்க பாத்ததுக்கப்புறம் இன்னும் பதினாலு மாசம் குறுக்கே வந்திருக்கு. அப்ப நாம வேற பக்கம் பாத்துட்டு இருந்தோம்."

"மறுபடி எப்ப வரும்?"

"எழுநூறு வருசம்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"அது வரைக்கும் கிட்டுச்சாமியண்ணன் டார்கெட் கேப்பாரு," என்றாள் சபூரா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

ஹெலன் மேசைமேல் இருந்த ஒரு சின்னப் புத்தகத்தை நகர்த்தினாள். பயிற்சிப் புத்தகம். துளசிமணிக்கு அதன் பதினோராம் பக்கம் மனப்பாடம். ஏழு வருஷத்துக்கு முன்னால், பயிற்சியின்போது, ஒரு பட்டையில் ஒரே அளவு தள்ளித் தள்ளி ஒரே கறை வந்தது. துளசிமணி வாய் விட்டுச் சொன்னாள்: "துணியில ஒரே அளவு தள்ளி ரெண்டு தடவ ஒரே கறை வந்தா, துணிமேல குத்தமில்லீங். பிரிண்ட் ரோலர்ல ஒரு பொட்டு ஒட்டியிருக்கும். அதுக்கு ஸ்டிக்கர் ஒட்ட மாட்டோம். மெஷின்காரனக் கூப்புடுவோம்." ஹெலன் எழுந்து நின்று கைதட்டினாள். தொலைநோக்கியைத் திருப்பும் சக்கரம் சூடாகி அப்படித்தான் கறை போட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க இரண்டு மாதமாகப் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் புத்தகத்தில் அச்சடித்து, 'துளசிமணி விதி' என்று பேரும் போட்டாள். தன் பேர் ரேஷன் கார்டைத் தவிர வேறெங்காவது அச்சில் வந்தது அது ஒன்றுதான். துளசிமணி ஒரு புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

"நான் கேக்க வேண்டியது ஒண்ணுதான்," என்றாள் ஹெலன். "ரெண்டு பேரும் தனித்தனியாத்தான் பாத்தீங்களா?"

துளசிமணி புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஏன்னா, தனித்தனியாப் பாத்து ரெண்டு பேரும் அதையே சொல்லியிருந்தா, யாரு பாத்திருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாங்கன்னு அர்த்தம். அப்ப தப்பு பயிற்சில, அதாவது என் மேல. ஒருத்தரே பாத்து ரெண்டு நம்பரையும் போட்டிருந்தா, ஏழு வருசத்துல இங்க பாத்த எந்தப் பட்டையையும் நம்ப முடியாதுன்னு சொல்லிருவாங்க. ஷெட்ட மூடிருவாங்க. மத்தியானத்துக்கு மேல ஒவ்வொருத்தரா வந்து இந்தப் பட்டையப் பாத்து, ஏன் மெஷின்னு போட்டீங்கன்னு சொல்லணும். பதிவு பண்ணி அனுப்பணும். சாப்பிட்டுட்டு வாங்க."

ஐந்து வருஷத்துக்கு முன்னால், அந்தப் பட்டை வந்த மூன்று நாள் துளசிமணிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

சபூராவுக்கு அப்போது ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. கர்ப்பப்பையை எடுக்கத் தேதி கொடுத்திருந்தார்கள். தேதிக்கு முன்னால் லீவு போட்டால் தேதிக்குப் பின்னால் லீவு கிடைக்காது. அதனால் வந்து கட்டைவிரல் வைத்துவிட்டு மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்துக்கொண்டாள். துளசிமணி இரண்டு திரையையும் பார்த்தாள். ஒன்பதாம் நம்பரைப் போட்டு, எட்டிப் பத்தாம் நம்பரையும் போட்டாள். இதற்குப் பேர் கைமாத்து. பனியன் கம்பெனி நாளிலிருந்தே உண்டு. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் பக்கத்து மேசைக்காரி அவள் துணிக்கட்டையும் சேர்த்துப் பார்ப்பாள். பின்னால் இவளுக்கு முடியாதபோது அவள் பார்ப்பாள். எழுதி வைப்பதில்லை. மறப்பதும் இல்லை. கிட்டுச்சாமிக்குத் தெரியும். தெரியாத பக்கம் திரும்பி நின்றுகொள்வார். பனியனில் அதனால் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஒரு ஓட்டை பனியன் எங்கோ ஒரு கடைக்குப் போகும், அவ்வளவுதான்.

சாப்பாட்டு நேரத்தில் மூன்று பேரும் ஷெட்டுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் நிழலில் நின்றார்கள். டிபன் பாக்ஸை யாரும் திறக்கவில்லை.

"சொல்லிப்போடறேன்," என்றாள் துளசிமணி. "நாந்தான் பாத்தேன். ரெண்டு நம்பரும் நாந்தான் போட்டேன்."

"சொல்லு," என்றாள் சபூரா. "சொல்லிப்போட்டு உள்ள போயி ஐம்பத்தாறு பேருகிட்டயும் நீயே சொல்லு, நாளைக்கு வர வேண்டாமுன்னு. குப்பாயிக்குப் புருசனில்ல. செல்லத்தாளுக்குச் சொரிஞ்சா ரத்தம் வரும், சாயப்பட்டறைக்கு மறுக்கா போக முடியாது. நீ சொல்லு."

"பாவம் புள்ள அந்த மேடம்."

"பாவந்தான். படிச்ச பாவம். எங்கியாச்சும் பொழைச்சுக்கும்."

கிட்டுச்சாமி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஒண்ணுஞ் சொல்லல. எனக்கு ஒண்ணுந் தெரியாது. தெரியாதுன்னே அஞ்சு வருசம் இருந்துட்டேன், இன்னைக்கு மட்டும் எப்புடித் தெரியும்?" தலையைத் தூக்கி, "சபூரா, நீ அந்தப் பட்டைய இதுவரைக்கும் பாத்ததே இல்ல. என்னன்னு சொல்லுவ?" என்றார்.

"இருபது வருசமாப் பாக்கறேன். ஒரு பட்டைய இன்னைக்குப் பாத்து அன்னைக்குப் பாத்த மாதிரி சொல்ல முடியாதா?"

முதலில் துளசிமணி போனாள். பட்டை மேலிருந்து ஓடி வந்தது. மங்கல், மங்கல், மங்கல். நாலாவது மங்கலில் பச்சை ரிப்பனில் ஒரு கறை, தேங்காய் எண்ணெய் சொட்டியது போல. மறுபடி மூன்று. எட்டாவதில் அதே இடத்தில் அதே கறை. அவள் கை தானாகவே பொத்தானுக்குப் போயிற்று. "ரெண்டு தடவ வந்துதுங்க. ஒரே அளவுல. அதனால மெஷின்னு போட்டேன்," என்றாள். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்ல அவளுக்கு ஒரு சிரமமும் இல்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சபூரா வழக்கம்போல நிதானமாகப் பார்த்தாள். பட்டை ஓடியது, எட்டைத் தாண்டிப் பன்னிரண்டுக்குப் போயிற்று, பதினாறுக்குப் போயிற்று. சபூரா பட்டையை நிறுத்தினாள். மேலே தள்ளினாள். மறுபடி கடைசி வரைக்கும் கீழே விட்டாள். அவள் முதுகு நேரானதைத் துளசிமணி பார்த்தாள். வெகுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹெலனைப் பார்த்து ஏதோ சொன்னாள். கண்ணாடிக்கு இப்புறம் அவள் குரல் கேட்கவில்லை, உதடு தெரிந்தது.

மெஷின்.

ஹெலன் எழுதிக்கொண்டாள். பதிவை நிறுத்தினாள். கதவைத் திறந்து துளசிமணியையும் உள்ளே கூப்பிட்டாள்.

"சரிக்கா. முடிஞ்சுது. ரெண்டு பேருமே புத்தகத்துல என்ன இருந்ததோ அதச் செஞ்சிருக்கீங்க. உங்க மேல தப்பில்ல. அந்தப் பதினோராம் பக்கத்த நாந்தான் எழுதினேன். துணிக்குச் சரியா இருந்தத, யோசிக்காம வானத்துக்கு எடுத்து வச்சது நாந்தான். அப்படியே எழுதி அனுப்பறேன்."

"உங்கள என்ன பண்ணுவாங்க?" என்றாள் துளசிமணி.

"இதுல இருந்து எடுத்துருவாங்க. பதினோரு வருசம் ஆச்சு, பரவால்ல. காலேஜுல பாடம் எடுக்கலாம்." ஹெலன் திரையை அணைக்கப் போனவள் அணைக்காமல் நின்றாள். "எங்கம்மா இறந்தப்பக்கூட நான் லீவு எடுக்கலக்கா. மூணாம் மேசைல பட்டை சேந்துருமேன்னு. எல்லாப் பட்டையும் பாத்தேன். இது மட்டும் என் மேசைக்கு வரல."

அவள் அழுவாள் என்று துளசிமணி நினைத்தாள். ஹெலன் அழவில்லை. சார்ஜரைச் சுற்றிப் பையில் வைத்தாள். இரண்டு பேருக்கும் கைகொடுத்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

துளசிமணி வாயைத் திறந்தாள். அந்த நேரத்தில் ஷெட்டில் பெல் அடித்தது. ஐம்பத்தாறு நாற்காலிகள் சிமெண்டுத் தரையில் ஒன்றாக நகரும் சத்தம் கேட்டது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"போயிட்டு வாங்க மேடம். சாப்புட்டீங்களா?"

"போற வழில சாப்பிட்டுக்கறேன்க்கா."

ஐந்தரை மணிக்கு ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் இருவரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். வெயில் இன்னும் இறங்கவில்லை. ஆட்டோ சாயப்பட்டறை ஓடைப் பாலத்தைத் தாண்டியது.

"நீ கடைசி வரைக்கும் போனியே," என்றாள் துளசிமணி. "எதுக்கு? ரெண்டு தடவ வந்தாப் போதுமே."

"உனக்குப் போதும். எனக்குப் போதாது. அதுக்குத்தான கிட்டுச்சாமிகிட்ட ஏச்சு வாங்கறேன்."

"என்ன இருந்துச்சு?"

சபூரா வெளியே பார்த்தாள். ஒரு லாரி நிறைய வெள்ளைத் துணி உருளைகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன.

"அது மெஷின் இல்லக்கா."

"என்ன புள்ள சொல்ற?"

"ரோலர்ல பொட்டு ஒட்டுனா எத்தன தடவ வந்தாலும் அதே பொட்டுத்தான். கூடாது, கொறையாது. இது வரவரப் பெருசாவுது. நாலாவதுல அரிசி அளவு. எட்டாவதுல பாத்தா அதே மாதிரிதான் தெரியும். பன்னண்டாவதுல துவரை அளவு. பதினாறுல மொச்சை அளவு. கடைசீல இருபதாவதுல ரிப்பன் ஓரம் வரைக்கும் பரவி நிக்குது. எந்த மெஷினும் வளராது. பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சு."

ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறியது. துளசிமணியின் கழுத்து வலி விரல் நுனிவரை ஓடித் திரும்பியது. இன்றைக்கும் அவள் எட்டாவதோடு நிறுத்திவிட்டாள். எழுநூறு வருஷத்துக்கு ஒருமுறை என்று சொல்லிக் கண்ணெதிரே வைத்த பிறகும், இரண்டோடு நிறுத்திவிட்டாள்.

"அன்னைக்கு நீ எந்திரிச்சு உக்காந்திருந்தா..."

"உக்காந்திருந்தா கிரகம்னு போட்டிருப்பேன். நீ மெஷின்னு போட்டிருப்ப. மூணாம் மேசைக்குப் போயிருக்கும். அந்தப் புள்ள பாத்திருக்கும்." சபூராவின் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "உக்கார முடியலையே. கீழ அட்டப்பெட்டி நனைஞ்சு கெடந்துச்சு. நீதான அள்ளிப் போட்ட."

"அப்ப அவுங்க புஸ்தகத்து மேல மட்டும் தப்பில்ல."

"இல்ல."

"ரெண்டு கண்ணு பாக்கணும்னு அவுங்க வச்ச ஏற்பாடு சரியாத்தான் இருந்துச்சு."

"சரியாத்தான் இருந்துச்சு. ஒரு கண்ணு மேசைக்கு அடியில படுத்திருந்துச்சு. போதும், விடு. அரிசி வாங்கணும் நானு."

சபூரா மார்க்கெட் முக்கில் இறங்கினாள். இறங்கியவள் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். "அங்க என்ன இருந்துதுன்னு தெரியல," என்றாள். "என்னமோ ஒண்ணு. இருவதாவது தடவையும் நல்லா இருந்துச்சு." பிறகு கூட்டத்தில் போய்விட்டாள்.

துளசிமணி வீட்டுக்குப் போய், பீரோவைத் திறந்து, கல்யாணப் புடவைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். பதினோராம் பக்கத்தில் அவள் பேர் இருந்தது. கடைசி அட்டையில் ஹெலனின் போன் நம்பர் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்று அவளே பேனாவில் எழுதிக் கொடுத்தது. துளசிமணி நம்பரை அழுத்தினாள். கடைசி எண்ணை அழுத்தவில்லை. குப்பாயி ஞாபகம் வந்தது, செல்லத்தாளின் கை ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அடுத்த மாதம் ஷெட்டுக்குப் புதுப் புத்தகம் வந்தது. பதினோராம் பக்கம் இல்லை. ஹெலனின் பேரும் இல்லை. ஐம்பத்தெட்டுப் பெண்களும் வேலைக்கு வருகிறார்கள். கைமாத்தும் நடக்கிறது.

சபூராவுக்காகப் பார்த்த அந்த மூன்று நாள் கைமாத்தை, ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு சபூரா துளசிமணிக்காகப் பார்த்துக் கழித்துவிட்டாள். அது தீர்ந்தது. ஹெலனுக்கு ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. துளசிமணி இன்னும் சொல்லவில்லை.